யூதாஸின் பையும் ஞானிகளின் பொன்னும்

கேள்வி இது: இடைக்காலத்திலும் மறுமலர்ச்சிக் காலத்திலும் இத்தாலியில் வரையப்பட்ட மதச் சித்திரங்கள் உண்மையான பக்தியில் பிறந்தவையா, பணக்காரர்கள் தங்கள் பெருமையைப் பறைசாற்ற வரைய வைத்தவையா? கூடவே ஒரு துணைக்கேள்வி: இதற்கெல்லாம் பணம் கொடுத்தது திருச்சபைதானே?

துணைக்கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பாப்பரசர்களும் ஆயர்களும் பெருஞ்செலவு செய்தது உண்மைதான். ஆனால் பதுவை, ஃப்ளோரன்ஸ் போன்ற வணிக நகரங்களின் கோயில்களில் நாம் இன்று பார்த்து வியக்கும் சித்திரங்களில் பெரும்பங்குக்குக் காசு கொடுத்தவர்கள் இல்லறத்தார்: வட்டிக்கடைக்காரர்கள், கம்பளி வணிகர்கள், தொழிற்குழுக்கள், பக்த சபைகள், விதவைகள். துறவியர் மடம் சுவரைக் கொடுக்கும். அந்தச் சுவருக்கு முன்னால் புதைக்கப்படும் உரிமையைக் குடும்பம் பெறும். பீடம், விளக்கு, பூசைத் துணி, சித்திரம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. நம் ஊரில் உபயதாரர் என்கிறோமே, அந்தச் சொல் இங்கே நன்றாகவே பொருந்தும்.

முதல் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. 1305 ஜனவரியில், பதுவையில், பக்கத்து வீட்டுத் துறவிகளே அதைக் கேட்டுவிட்டார்கள். அந்த வழக்கைச் சொன்னாலே பதிலில் பாதி வந்துவிடும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பதுவை என்றதும் நம்மவர்களுக்கு அந்தோனியார் நினைவுக்கு வருவார். அதே ஊர்தான். 1231இல் அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அவருடைய வேண்டுகோளின் பேரில் அந்த நகரம் ஒரு சட்டம் இயற்றியது: உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடன்காரனைச் சிறையில் போடக்கூடாது. வட்டிக்காரர்களைக் கடிந்து பேசியவர் அவர். இறந்துபோன ஒரு கஞ்சனின் மார்பைத் திறந்து பார்த்தபோது அங்கே இதயம் இல்லை, அவனுடைய பணப்பெட்டிக்குள் கிடந்தது என்று அவரைப் பற்றி ஓர் அற்புதக் கதை சொல்வார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து சிற்பி தொனதெல்லோ அதை அவருடைய பேராலயப் பீடத்தில் வெண்கலப் புடைப்புச் சிற்பமாகச் செய்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு வட்டி என்பது சட்டநூல் சமாசாரமாக இருந்ததில்லை. யாருடைய பெட்டிக்குள் யாருடைய இதயம் கிடக்கிறது என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு அது அன்றாட விஷயம்.

அந்த ஊரில் ரெஜினால்தோ ஸ்க்ரோவேஞ்ஞி என்று ஒரு பெரும் வட்டிக்காரர் இருந்தார். அவருடைய மகன் என்ரிக்கோ 1300இல், பழைய ரோமானிய அரங்கம் இருந்த இடத்தை வாங்கினார். அங்கே மாளிகை எழுப்பி, அதை ஒட்டி மாதாவுக்கு ஒரு சிற்றாலயமும் கட்டினார். உள்ளே வரைய ஓவியர் ஜொட்டோ வந்தார். 1305 மார்ச் 25, மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்னதைக் கொண்டாடும் மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பக்கத்து மடத்து அகுஸ்தீனியத் துறவிகள் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். குடும்பத்துக்கென்று சின்ன செபக்கூடம் கட்டிக்கொள்ளத்தான் அவருக்கு அனுமதி. அவரோ மணிக்கூண்டு வைத்துப் பெரிய கோயிலாக்கிவிட்டார். இங்கே செய்யப்பட்டிருப்பவை கடவுளின் மகிமைக்கென்று செய்யப்பட்டதைவிட ஆடம்பரத்துக்கும் வீண்பெருமைக்கும் ஆதாயத்துக்கும் செய்யப்பட்டவை என்பது அவர்களுடைய வாதம். பக்தியா பகட்டா என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். சுண்ணாம்பு காய்வதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

துறவிகளுக்குத் தங்கள் கோயிலுக்கு வரும் கூட்டமும் காணிக்கையும் குறைந்துவிடுமே என்ற கவலையும் இருந்திருக்கும். 1304இலேயே பாப்பரசர் பதினொன்றாம் பெனடிக்ட், இந்தச் சிற்றாலயத்துக்கு வந்து வேண்டுகிறவர்களுக்குப் பாவத் தண்டனைக் குறைப்பு உண்டு என்று அறிவித்துவிட்டார். ஆனாலும் அவர்களுடைய குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. என்ரிக்கோ பதுவையின் பெரும்புள்ளியாக ஆசைப்பட்டவர். அந்த இடத்தை வாங்கியதே அதற்குத்தான்.

இப்போது உள்ளே போவோம். கதவைத் தாண்டி பீடத்தை நோக்கி நின்றால், பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் இடப்பக்கம் ஒரு காட்சி: இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் பணப்பையை வாங்குகிறான். அவன் முதுகுக்குப் பின்னால், தோளில் கைபோட்டுக்கொண்டு கன்னங்கரேலென்று சாத்தான். வளைவின் வலப்பக்கம் அதே உயரத்தில் மரியாளும் எலிசபெத்தும் தழுவிக்கொள்கிறார்கள். ஒருபுறம் காசால் கருவுற்ற பை, மறுபுறம் கருவுற்ற இரண்டு பெண்கள். வட்டிக்கு எதிராக அந்தக் காலத்து மதவாதிகள் ஓயாமல் சொன்ன காரணமே இதுதான்: பணம் குட்டி போடாது, போட்டால் அது இயற்கைக்கு விரோதம். அந்த வாதத்தை ஜொட்டோ ஒரு சொல்லும் எழுதாமல் இரண்டு சுவர்த்துண்டுகளில் வைத்துவிட்டார். வட்டிக்காரரின் மகன் பூசை காண முழங்காலிடும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு நேரே அந்தப் பை.

வெளியே போகத் திரும்பினால் வாசல் சுவர் முழுக்கப் பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் எல்லோருக்கும் தீர்ப்பு நாள். நரகத்தில் சிலரை அவர்களுடைய பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்கவிட்டிருக்கிறார் ஜொட்டோ. மீட்கப்பட்டவர்கள் இருக்கும் பக்கத்தில், சிலுவைக்குக் கீழே, என்ரிக்கோ ஊதா உடையில் முழங்காலிட்டு, இந்தச் சிற்றாலயத்தின் சிறு மாதிரியை மாதாவிடம் ஒப்படைக்கிறார். ஒரு குருவானவர் அதைத் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறார். மாதாவின் கை என்ரிக்கோவின் கையை நோக்கி நீண்டிருக்கிறது.

இது அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரமா, மகனின் பதவி ஆசையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பரிகாரக் கதை பிற்காலத்தில் மிகைப்படுத்தப்பட்டது என்போர் பக்கமும் நியாயம் உண்டு. என் கருத்து இது: பெருமைக்கு மட்டும் கட்டுகிறவர் பீடத்தருகே யூதாஸின் பையை வைக்க ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பயத்தில் மட்டும் கட்டுகிறவர் மணிக்கூண்டு வைத்திருக்க மாட்டார். ஒரே மனிதர் இரண்டையும் செய்திருக்கிறார். அவருக்குள் இரண்டும் சண்டையிட்டதாகக்கூடத் தெரியவில்லை.

ஊர் மட்டும் மறக்கவில்லை. சிற்றாலயம் எழுந்து சில ஆண்டுகளுக்குப் பின் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில், பதினேழாம் காண்டத்தில், கழுத்தில் பணப்பை தொங்க எரிமணலில் உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரர்களைக் காட்டுகிறார். அவர்களில் ஒருவனுடைய வெள்ளைப் பையில் நீல நிறத்தில் ஒரு சினைப்பன்றி. பெயர் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. பன்றி ஸ்க்ரோவேஞ்ஞி குடும்பத்தின் சின்னம். இத்தனை செலவு செய்தும் அப்பா நரகத்தில்தான் உட்கார வைக்கப்பட்டார்.

இந்தப் பயம் எவ்வளவு நிஜமானது என்று புரிய, திருச்சபைச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1179இல் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரர்களுக்கு நற்கருணை இல்லை, கிறிஸ்தவ அடக்கம் இல்லை, அவர்களுடைய காணிக்கையையும் வாங்கக்கூடாது என்று விதித்தது. 1274இல் இரண்டாம் லியோன் சங்கம் அதை இன்னும் இறுக்கியது: வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுப்பதற்கு உறுதியான பிணை வைத்திருக்க வேண்டும், அதுவரை அடக்கம் கிடையாது. அதே சங்கம்தான் இறந்தவர்கள் பாவத்தின் மிச்சத் தண்டனையைக் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய போதனையையும், இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் செய்யும் பூசையும் வேண்டுதலும் தானமும் அவர்களுக்கு உதவும் என்பதையும் முறையாக அறிக்கையிட்டது. ஒரு கதவு மூடுகிறது, இன்னொன்று திறக்கிறது.

ஆனால் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? முப்பது வருஷம் தொழில் செய்தவருக்குக் கடன்பட்டவர்களில் பாதிப்பேர் செத்திருப்பார்கள், மீதிப்பேர் ஊர் மாறியிருப்பார்கள். ஆள் தெரியாத கடனை ஏழைகளுக்கும் தர்ம காரியங்களுக்கும் செலவிட்டு ஈடு செய்யலாம் என்ற வழி அங்கேதான் பிறந்தது. கலை வரலாற்றில் இந்த ஒரு சட்ட நுணுக்கத்துக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது. கணக்கில் சேராத பணம் மருத்துவமனையாக, மடமாக, சுவர்ச் சித்திரமாக மாறிய பாதை அது.

ஃப்ளோரன்ஸின் பெரும் வங்கியாளர்களான பார்தி குடும்பம் சாந்தா குரோச்சே கோயிலில் ஜொட்டோவை வைத்து என்ன வரைந்தது தெரியுமா? தன் தந்தையின் முன் ஆடைகளைக் களைந்து கொடுத்துவிட்டு நிர்வாணமாக நிற்கும் அசிசி பிரான்சிஸை. அவரும் துணி வியாபாரியின் மகன்தான். வறுமையையே மனைவியாகக் கொண்டவரின் கதைக்கு வங்கிக்காரர்கள் பணம் கொடுத்ததை வெறும் வேஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தாங்கள் ஆக முடியாத மனிதரைத் தங்கள் கல்லறைக்கு மேல் வரைந்து வைத்துக்கொண்டார்கள். 1340களில் அந்த வங்கி மூழ்கியது. சித்திரம் நிற்கிறது.

நூறு ஆண்டுகள் கழித்து ஃப்ளோரன்ஸில் பணம் சித்திரத்துக்குள் வேறு உருவில் வருகிறது. நற்செய்திகளில் செல்வந்தனுக்கு நல்ல இடம் அரிது. செல்வன் விண்ணரசில் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று சொல்லியாகிவிட்டது. பணத்தோடு வந்தும் விரட்டப்படாத செல்வர்கள் யார் என்று தேடினால், பெத்லகேமுக்குப் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த ஞானிகள் கண்ணில் படுகிறார்கள். நம் கிறிஸ்தவர்கள் மூவரசர் என்று கொண்டாடுகிறார்களே, அவர்கள்தான். பொன்னைக் குழந்தையின் காலடியில் வைத்தார்கள், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஃப்ளோரன்ஸ் வங்கிக்காரர்கள் அந்தக் காட்சியை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

1423இல் பல்லா ஸ்ட்ரோஸ்ஸிக்காக ஜென்டிலே தா ஃபாப்ரியானோ வரைந்த ஞானிகளைப் பாருங்கள். தங்கத் தகடு, பட்டு, வேட்டை நாய், சிறுத்தை, குரங்கு எல்லாம் வரும் ஊர்வலம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்த வரிக் கணக்கில் நகரத்தின் முதல் பணக்காரர் பல்லாதான். 1434இல் வங்கியாளர் கோசிமோ மெதிச்சி நாடுகடத்தலிலிருந்து திரும்பி அதிகாரத்தைப் பிடித்ததும் பல்லா துரத்தப்பட்டார். போய்ச் சேர்ந்த ஊர் பதுவை, இறந்ததும் அங்கேதான்.

வென்ற கோசிமோவுக்கும் மனம் நிம்மதியாக இருக்கவில்லை. அவருக்குப் பழக்கமான புத்தக வியாபாரி வெஸ்பசியானோ தா பிஸ்திச்சி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இது வருகிறது: தன்னிடம் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி நேர்வழியில் வராதது என்ற பாரம் கோசிமோவை அழுத்தியது. அப்போது ஃப்ளோரன்ஸில் தங்கியிருந்த பாப்பரசர் நான்காம் எவுஜேனியுஸிடம் அவர் யோசனை கேட்டார். சான் மார்க்கோ மடத்துக்குப் பத்தாயிரம் ஃப்ளோரின் (ஃப்ளோரன்ஸின் பொற்காசு) செலவு செய்யச் சொன்னார் பாப்பரசர். கோசிமோ நாற்பதாயிரத்துக்கு மேல் செலவழித்தார்.

மிக்கெலோஸ்ஸோ கட்டினார், அந்த மடத்துத் துறவியான ஃப்ரா ஆஞ்செலிக்கோ வரைந்தார். கோயில் 1443இல் மூவரசர் திருநாளன்று அபிஷேகமானது. மாடியில் துறவிகளின் அறைகள் நாற்பதுக்கும் மேல். அறைக்கு ஒரு சித்திரம், எல்லாம் வெளிறிய சுவரும் ஓரிரு உருவங்களுமாக மிக எளிமையானவை. அங்கே கோசிமோ செபிக்க வந்து தங்க இரட்டை அறை ஒன்று உண்டு. அதன் உள்ளறைச் சுவரில் வரையப்பட்டிருப்பது ஞானிகள் வருகை. பொன்னைக் கொடுத்துவிட்டுக் கைகளைக் காலியாக்கிக்கொண்ட ராஜாவைப் பார்த்தபடி அந்த வங்கிக்காரர் தனியே முழங்காலிட்டிருப்பார். பொதுமக்கள் போகாத மாடி அது. அங்கே யாருக்குப் பெருமை காட்டுவது?

பெருமை காட்டியவர்களும் ஒளிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாந்தா மரியா நொவெல்லாவின் முகப்புக்குச் செலவு செய்த ஜொவான்னி ருசெல்லாய், தன் பெயரையும் 1470 என்ற ஆண்டையும் கோயில் நெற்றியில் பெரிய எழுத்துகளில் பொறித்துவைத்தார். கடவுளின் மகிமை, நகரத்தின் மகிமை, தன் நினைவு என மூன்றுக்காகவும் செலவழித்ததில் தனக்கு மனநிறைவு என்று தன் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அவர் அவற்றை ஒரே மூச்சில் சொல்கிறார். நாம்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

பிரித்துப் பார்த்தவர்கள் அன்றும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 1120களிலேயே கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்து, கோயிலின் சுவர் மின்னுகிறது, அதன் ஏழைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கொதித்தார். 1490களில் துறவி சவொனரோலா, கோசிமோ கட்டிய அதே சான் மார்க்கோ மடத்தின் தலைவராக இருந்துகொண்டே, பூசை உடையிலும் பீடத்திலும் குடும்பச் சின்னம் பதிக்கும் பணக்காரர்களைச் சாடினார். இந்தக் கண்டனங்கள் எனக்கு முக்கியமானவை. மதம் கலைக்குச் சும்மா சம்மதம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. தன்னையே உள்ளிருந்து கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தது.

இனி ஓவியர். அவர் பக்தரா, கூலிக்காரரா? இரண்டும் ஒரே ஆளில் எப்படி இருந்தன என்பதற்கு தொமெனிக்கோ கிர்லாந்தாயோவின் 1485ஆம் ஆண்டு போதும். மெதிச்சி வங்கியின் தலைமை நிர்வாகி ஃப்ரான்செஸ்கோ சஸ்ஸெத்தி, தன் பெயர்ப் புனிதரான பிரான்சிஸின் வாழ்க்கையை சாந்தா மரியா நொவெல்லாவில் வரைய வைக்க விரும்பினார். அது தொமினிக்கன் சபையின் கோயில். போட்டிச் சபையைத் தோற்றுவித்தவரின் கதை எங்கள் பெரிய பீடத்தின் பின்னால் வருவதா என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். சஸ்ஸெத்தி சாந்தா திரினித்தாவுக்குப் போனார். கிர்லாந்தாயோ அங்கே வரைந்து 1485இல் முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சஸ்ஸெத்திக்குக் கிடைக்காத அதே இடத்தை வரைய ஜொவான்னி தொர்னபுவோனி அவரையே அமர்த்தினார். பக்திச் செயலாகவும் கடவுள்மேல் உள்ள அன்பாலும், தன் குடும்பத்தின் உயர்வுக்கும், கோயிலின் அழகுக்கும் என்று ஒப்பந்தமே சொல்கிறது.

அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி கிர்லாந்தாயோவுக்கு இன்னொரு ஒப்பந்தம். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் மாசற்ற குழந்தைகள் இல்லத்தின் பீடத்துக்கு ஞானிகள் வருகை. பட்டுத் தொழிற்குழுவின் பொறுப்பில் இருந்த இல்லம் அது, புரூனெல்லெஸ்கி கட்டியது, 1445 பிப்ரவரியில் முதல் குழந்தை அங்கே வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்தை வாசித்தால் வீடு கட்ட மேஸ்திரியோடு போடுவது போலிருக்கும். காகிதத்தில் காட்டிய வரைவின்படியே உருவங்கள் இருக்க வேண்டும். வண்ணமும் தங்கப் பொடியும் ஓவியரின் செலவு. நீலம் அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் விலையுள்ள அசல் நீலமாக இருக்க வேண்டும். முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும். தவறினால் பதினைந்து ஃப்ளோரின் அபராதம். மொத்தம் 115 ஃப்ளோரின், மாதம் மூன்றாகத் தவணை. முடிந்த படம் அந்த விலை பெறாது என்று தோன்றினால் வேறு ஆளிடம் கருத்துக் கேட்டுக் குறைத்துக் கொடுக்கலாம்.

நீலத்தின் விலையை ஏன் எழுத வேண்டும்? அது ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்து எடுக்கும் நிறம். கடல் கடந்து வெனிஸ் வழியாக வந்தது. மலிவான நீலமும் சந்தையில் இருந்தது. பதுவையில் ஜொட்டோ வரைந்த மாதாவின் மேலாடையில் நீலம் உதிர்ந்து கிடப்பதற்குக் காரணம், அந்த மலிவான வகை நீலத்தை ஈரச் சுண்ணாம்பில் ஏற்ற முடியாது, காய்ந்த பின் பசையோடு பூச வேண்டும் என்பதுதான். மாதாவின் மேலாடைக்கு நல்ல நீலம் போடுவது அவருக்குப் பட்டுச் சாத்துவதுபோல ஒரு வழிபாடு. விலையை எழுதி வைத்தது அந்த வழிபாட்டில் கலப்படம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான்.

பணப்பயம் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1500இல் பெருஜியாவில் உறவினர்களுக்குள் நடந்த கொலைவெறியில் அத்தலாந்தா பல்யோனி தன் மகன் கிரிஃபொனெத்தோவை இழந்தார். குடும்பச் சிற்றாலயத்துக்கு அவர் ஓவியர் ரஃபேலிடம் கேட்டு வாங்கியது, இறந்த இயேசுவின் உடலைத் தூக்கிச் செல்லும் சித்திரம். 1507இல் முடிந்த அதில் ஓரமாக மாதா மயங்கிச் சாய்கிறாள். அங்கே வட்டி இல்லை, பதவி ஆசை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் தன்னைப் போலவே பறிகொடுத்தவளைப் பார்க்க விரும்பினாள்.

கிர்லாந்தாயோவின் படத்துக்குத் திரும்புகிறேன். 1488 என்று ஆண்டு போட்டிருக்கும் அது இன்றும் அதே இல்லத்தின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தப்படி மாதா நீலத்தில் இருக்கிறாள். ராஜாக்கள் முழங்காலிட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் இல்லத்து நிர்வாகியின் முகமும் ஓவியரின் முகமும் தெரிகின்றன. தூரத்தில், மலைச்சரிவில், குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய அரசன் ஏரோதின் படை குழந்தைகளை வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் முன்னால், படத்தின் கீழ் விளிம்புக்கு அருகில், வெள்ளை அங்கியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் முழங்காலிட்டிருக்கிறார்கள். ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகள் அவர்கள். உடலில் காயம் தெரிகிறது. திருமுழுக்கு அருளப்பரும் நற்செய்தியாளர் அருளப்பரும் ஆளுக்கு ஒரு பிள்ளையை மாதாவிடம் முன்னிறுத்துகிறார்கள். அந்தப் பீடத்துக்கு எதிரே பூசைக்கு வந்து நின்ற இல்லத்துப் பிள்ளைகள், பொன் கொண்டுவந்த ராஜாக்களைப் பார்ப்பதற்கு முன்னால், தங்களைப் போன்ற அந்த இருவரைத்தான் பார்த்திருப்பார்கள்.